கடைசற் கலை: ஒரு வரலாற்று நோக்கு

தமிழிலே 'கடைதல்' என்னும் வினை இருவேறு தொழில்களைக் குறிக்கும். மத்தைக் கொண்டு தயிரைக் கடைதல் ஒன்று; மரம், தந்தம், சங்கு ஆகியவற்றைப் பட்டறையிற் சுழலவிட்டு உளியால் உருட்சி செய்தல் மற்றொன்று. ஆய்ச்சியின் தொழிலும் தச்சனின் தொழிலும் ஒரு சொல்லாற் குறிக்கப்படுவதேன்? இரண்டிலும் நிகழ்வது ஒன்றே. ஒரு தண்டிலே கயிற்றைச் சுற்றி, அதன் இரு நுனிகளையும் மாறி மாறி இழுக்கத் தண்டு முன்னும் பின்னுமாகச் சுழல்கின்றது. மந்தரமலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவும் கொண்டு பாற்கடல் கடைந்த கதையிற் காணப்படுவதும் இவ்வியக்கமே. தீக்கடைகோலும் இவ்வினத்ததே. ஏட்டிலே எழுதப்படாத தொழில் வரலாற்றைச் சொல்லொன்று பொதிந்து வைத்திருத்தலை ஈண்டுக் காண்கின்றோம்.

இத்தொழில் மிகப் பழமையானது. எகிப்து நாட்டிலே கி.மு. 300ஆம் ஆண்டையொட்டிய பெத்தோசிரிசு என்பானின் கல்லறைச் சுவரில், ஒருவன் கயிறிழுக்க மற்றொருவன் உளி பிடிக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. நம் மதுரைக்காஞ்சியோ, மதுரை நகரங்காடியிலே சங்கறுத்துக் கடையும் தொழிலாளரைச் சுட்டுகின்றது. 1117ஆம் ஆண்டிலே ஒய்சள மன்னன் விட்டுணுவர்த்தனன் எடுப்பித்த பேலூர்ச் சென்னகேசவர் கோயிலில், மாக்கல்லாலாய பெருந்தூண்கள் சுழற்றிக் கடையப்பட்டவை என்பது அறிஞர் கருத்து. மரத்துக்குரிய நுட்பம் கல்லுக்கும் ஏறிய வியப்பினை அங்கே காணலாம்.

கயிற்றுப் பட்டறைக்கு ஒரு குறையுண்டு. மரம் முன்னோக்கிச் சுழலும்போது மட்டுமே உளி வெட்டும். பின்னோக்கிச் சுழலும்போது உளியை விலக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே தொழிலாளியின் நேரத்திற் பாதி வீணாயிற்று. மிதியும் சக்கரமும் இணைந்து ஒரே திசையிற் சுழலச் செய்தபின்னரே இக்குறை நீங்கியது. பின்னர் 1800ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே என்றி மோட்சிலி என்பவர், உளியைக் கையினின்றும் வாங்கி இரும்புத் தாங்கியிற் பொருத்தித் திருகாணி வெட்டும் பொறியை வளம்படுத்தினார். இயந்திரங்களை ஆக்கும் இயந்திரமாகக் கடைசற்பொறி உயர்ந்தது இவ்வாறே.

இலங்கையிற் கடைசலும் அரக்கும் பிரியாத் துணைகளாம். சுழலும் மரத்தின்மேல் நிறமூட்டிய அரக்குக் கோலை அழுத்த, உராய்வின் வெம்மையால் அரக்கு உருகி மரத்திற் படியும். பின்னர் ஓலையால் அழுத்தித் தேய்க்க மெருகேறும். தென்பகுதியிலுள்ள அங்குல்மடுவ இவ்வகைக் கடைசல் வேலைக்குப் பேர்பெற்றது. மாத்தளைப் பகுதியிலுள்ள ஹபுவிட என்னும் ஊரிலோ, அரக்கை நூலாக இழுத்துப் பெருவிரல் நகத்தால் அழுத்தி ஒட்டுவர்.

இக்கலைகளை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் நம்மவராகிய ஆனந்த குமாரசுவாமி. அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908இல் வெளிவந்தது. நிலம் பெற்று அரசனுக்குத் தொழில் செய்த கைவினைஞர், 1815இல் கண்டியரசு வீழ்ந்தபின் புரவலரை இழந்தனர். 1832இல் இராசகாரிய முறையும் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆயின் அதனோடு கைவினைஞரைத் தாங்கிய கொம்பும் முறிந்தது என்பதை மறத்தலாகாது. கருவி பழமைப்பட்டதால் மட்டும் இக்கலை நலியவில்லை. வாங்குவோர் அருகியதால் நலிந்தது.

தமிழகத்தின் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களும், வெட்பாலை மரத்தாற் செய்யப்படும் கன்னடநாட்டுச் சென்னபட்டணப் பொம்மைகளும் இக்கலையின் கிளைகளே. நாச்சியார்கோயிலில் வார்த்தெடுத்த பித்தளைக் குத்துவிளக்கும் கடைசல் பிடித்த பின்னரே ஒளி பெறும். சென்னபட்டணத்தில் முசுலிம் மக்களும், ஹபுவிடவிற் சிங்கள மக்களும், நாச்சியார்கோயிலிற் கம்மாளரும் போற்றிய கலை ஒரு சமயத்தார்க்கோ ஓரினத்தார்க்கோ உரியதன்று.

கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனை கைத்தறி நெசவாற் புகழ்பெற்ற ஊர். அவ்வூர்ச் சாரத்தையும் சேலையையும் மெச்சுவோர் தறியின் உறுப்புகளை நோக்குவதில்லை. ஊடைநூல் சுற்றும் தார்க்குச்சியும், நூல் சுற்றும் கட்டையும், இராட்டின் உருளையும் கடைசலின் குழந்தைகளே. ஒரு கைத்தொழிலின் தோளிலே மற்றொன்று நிற்கின்றது. 2004ஆம் ஆண்டு மார்கழியிலே ஆழிப்பேரலை மோதிய கரைகளுள் மருதமுனையும் ஒன்று. அத்தகைய கரையிலே தொழில் மீண்டும் நிமிர்வதற்குத் தறி மட்டும் போதாது; தறிக்கு உறுப்பளிக்கும் கைகளும் வேண்டும்.

இக்காலத்துக் கடைசற்காரர்க்குப் புதியதொரு சிறு பொருள் வாய்த்துள்ளது. தேநீர்க் கெண்டியின் சூடு ஆறாதிருக்க வைத்த சிறு மெழுகுதிரி இன்று விருந்து மேசைகளிலும் வழிபாட்டிடங்களிலும் எரிகின்றது. அதன் உலோகக் கிண்ணம் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதனைத் தாங்கும் மரத்தண்டைக் கடைவோர் குழியைச் சற்று அகலமாகக் குடைவர். பச்சை மரத்திற் குடைந்த வட்டம் உலர்ந்தபின் நீள்வட்டமாகிக் கிண்ணத்தை இறுக்கிவிடுமன்றோ! உள்ளங்கையில் அடங்கும் இப்பொருளில் மரத்தின் இயல்பறிதல், அளவறிதல், உளியறிதல் ஆகிய மூன்றும் அடங்கும். அரசனின் ஆலவட்டக் காம்பைக் கடைந்த கலைக்கு இஃது இழிவன்று, வாழ்வாம்.

கல்வெட்டையும் ஏட்டுச்சுவடியையும் வரலாற்றுச் சான்றெனப் போற்றும் மாணவர், கடைசற் பட்டறையையும் ஒரு சுவடிச்சாலையாகக் கருதுவாராக. எழுத்தறியாக் கைகள் எழுதிய வரலாறு அங்கே சுழன்றுகொண்டிருக்கின்றது. அக்கைகள் ஓயுமுன் சென்று கற்றல் நம் கடன்.