ஆமணக்கெண்ணெய்க் கட்டு: ஆய்வுகள் காட்டுவது எவ்வளவு?

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் கரைவலை இழுப்போருக்கும் உப்பளங்களில் நாள் முழுவதும் குனிந்து உழைப்போருக்கும் இடுப்புவலியும் மூட்டுவலியும் புதியனவல்ல. ஆமணக்கிலையை வாட்டி வைத்துக் கட்டுவதும் ஆமணக்கெண்ணெய் தடவி ஒத்தடமிடுவதும் நம்மவர் அறிந்த கைவைத்தியம். அதனை இகழ்வது நமது நோக்கமன்று. ஆனால், எண்ணெயில் தோய்த்த துணியை வயிற்றின் மீது கட்டிச் சூடு கொடுத்தால் ஈரல் சுத்தமாகும், சூலகக் கட்டிகள் கரையும் என்று இன்று கைத்தொலைபேசி வழியே பரவும் செய்திகளை அவ்வாறு விட்டுவிட இயலாது.

வயிற்றில் கட்டும் இம்முறையை மேலைநாடுகளில் பரப்பியவர் எட்கர் கேசி (1877–1945) என்ற அமெரிக்கர். அவர் வைத்தியரல்லர், அறிதுயில் நிலையில் நோய்களுக்குப் பரிகாரம் கூறியவர். சித்த, யூனானி வைத்தியத்தின் பெயரால் இதனை ஏற்போர் இவ்வரலாற்றையும் அறிந்திருத்தல் நன்று.

இக்கட்டைப் பற்றிய ஆய்வுகள் மிகச் சில. 2011இல் வெளியான துருக்கி ஆய்வொன்று, மலச்சிக்கலுற்ற 35 முதியோருக்கு மூன்று நாட்கள் கட்டுப் போட்டுப் பார்த்தது. மலம் கழியும் தடவைகளோ அளவோ மாறவில்லை. முக்குதல் மட்டும் குறைந்தது, மலமும் இளகியது. எண்ணெயின்றி வெறும் சூடு பெற்ற குழுவொன்று ஒப்பீட்டுக்கு வைக்கப்படாமையால், பலன் எண்ணெயினுடையதா சூட்டினுடையதா என்பது தெளிவாகவில்லை. வலிக்குச் சூட்டு ஒத்தடம் இதமளிக்கும் என்பதை எவரும் மறுப்பதில்லை.

2012இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், இவ்வெண்ணெயிலுள்ள ரிசினோலியிக் அமிலம் குடலையும் கருப்பையையும் சுருங்கச் செய்யும் விதத்தை எலிகளில் கண்டறிந்தனர். அது வாய்வழி உட்கொண்ட எண்ணெயின் செயல். வயிற்றின் மேல் பூசியதற்குச் சான்றாகாது. கர்ப்பிணிகள் வைத்தியரின் ஆலோசனையின்றி இவ்வெண்ணெயைக் குடிக்கலாகாது என்பதற்கு அது காரணமாகும். கட்டி கரைவதற்கோ ஈரல் சுத்தமாவதற்கோ நம்பத்தக்க மனித ஆய்வு எதுவும் இல்லை.

நாம் அஞ்சுவது எண்ணெயையன்று, கட்டுப் போட்டுக்கொண்டு காத்திருப்பதையே. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அவ்வேளையில் பேதிக்குக் குடிப்பதும் கேடு. நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதத்தில் சூடான கட்டு, தெரியாமலே தீப்புண்ணாகும். கற்பிட்டியை அண்டிய தீவுகளில் வாழ்வோர் வைத்தியசாலையை அடையப் படகேற வேண்டும். காய்ச்சல், வாந்தியோடு வயிற்றுவலி கண்டால் அவர்கள் விடியும்வரை கட்டோடு படுத்திராமல் உடனே புறப்படுதல் வேண்டும்.