இரும்புப்பெட்டி முதல் ஓட்டுப்பெட்டி வரை

ஏடிஎம்ல பணம் எடுக்கும்போது நாம கவனிக்கறது ரெண்டே விஷயம். பின்னாடி யாராவது எட்டிப் பாக்கறாங்களா, உள்ளே பணம் இருக்கா. மெஷினோட நெத்தியில பொடி எழுத்துல ஒரு பேர் இருக்கும். அதை யாரும் படிக்கறதில்லை. என்சிஆர், வின்கோர், டீபோல்ட்... இதுல மூணாவது பேர் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. ஒரு காலத்துல நம்பிக்கைக்கு மறுபேரா இருந்து, பிறகு சந்தேகத்துக்கு மறுபேரா ஆன கம்பெனி அது. அதோட கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

தீயில் வேகாத பெட்டி

சார்லஸ் டீபோல்ட் ஜெர்மனியில பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறினவர். 1859ல ஒஹையோ மாநிலத்துல சின்சினாட்டி நகரத்துல இரும்புப்பெட்டி செய்யற பட்டறை ஒண்ணு ஆரம்பிச்சார். அப்ப அமெரிக்க நகரங்கள்ல பாதிக்கு மேல மரக் கட்டடங்கள். திருடனைவிட நெருப்புக்குத்தான் வியாபாரிங்க அதிகம் பயந்தாங்க.

1871 அக்டோபர்ல சிகாகோ பத்தி எரிஞ்சது. சுமார் 300 பேர் செத்தாங்க, ஒரு லட்சம் பேர் வீடிழந்தாங்க. சாம்பல் ஆறின பிறகு இடிபாட்டைக் கிளறினா, அங்கங்கே இரும்புப்பெட்டிகள். டீபோல்ட் செஞ்ச 878 பெட்டிகளும் உள்ளே இருந்த காகிதமெல்லாம் கருகாம அப்படியே கிடைச்சதுன்னு கம்பெனி வரலாறு சொல்லுது. இதைவிட ஒரு விளம்பரம் வேணுமா? ஆர்டர் குவிஞ்சது. அடுத்த வருஷமே அதே ஒஹையோவுல கேன்டன் நகரத்துக்குப் பெரிய தொழிற்சாலையா மாத்திட்டாங்க. கொஞ்ச நாள்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்த வெல்ஸ் ஃபார்கோ, ஒரு ராட்சசப் பெட்டக அறைக்கு ஆர்டர் கொடுத்தது.

அதுக்கப்புறம் திருடனுக்கும் கம்பெனிக்கும் நடந்தது ஒரு ஓட்டப்பந்தயம். அவன் வெடிமருந்து வச்சா இவங்க மாங்கனீஸ் எஃகுல கதவு செஞ்சாங்க. 1930கள்ல டில்லிஞ்சர் மாதிரி ஆளுங்க துப்பாக்கியோட பேங்குக்குள்ள நுழைய ஆரம்பிச்சதும், கூடத்துல கண்ணீர்ப்புகை பரப்பற கருவியை வித்தாங்க.

அல் கபோனைத் துரத்தின கதையால பிரபலமான எலியட் நெஸ் தெரியும்தானே? 1987ல கெவின் காஸ்ட்னர் நடிச்ச 'தி அன்டச்சபிள்ஸ்' படத்தோட நிஜ ஹீரோ. லஞ்சத்துக்கு மசியாத ஆளுன்னு பேர் வாங்கினவர். அவரு 1944ல டீபோல்ட் சேர்மன் ஆனார்! பாதுகாப்பு விக்கற கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான முகம் எங்க கிடைக்கும்? 1947ல க்ளீவ்லாண்ட் மேயர் தேர்தல்ல நின்னு தோத்துப்போய், சில வருஷத்துல கம்பெனியை விட்டும் விலகினது தனி சோகம்.

சுவத்துல ஒரு ஓட்டை

ஏடிஎம் டீபோல்ட் கண்டுபிடிச்சது இல்லை. 1967 ஜூன் 27ம் தேதி லண்டன் பக்கத்துல என்ஃபீல்டுல பார்க்லேஸ் பேங்க் ஒரு மெஷினைத் திறந்து வச்சது. செஞ்சது டி லா ரூ கம்பெனி. அதுக்குப் பின்னால இருந்த ஜான் ஷெப்பர்ட்-பேரன் பிறந்தது நம்ம ஷில்லாங்ல! அமெரிக்காவுல டாக்யுடெல் கம்பெனியோட மெஷின் 1969 செப்டம்பர்ல நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்டுல வேலைக்கு வந்தது.

டீபோல்ட் இந்தக் களத்துல இறங்கினது 1970கள்ல. லேட்டா வந்தாலும், முன்னால வந்தவங்களை ஓரங்கட்டிடுச்சு. யோசிச்சுப் பாத்தா ஆச்சரியமில்லை. ஏடிஎம்ங்கறது என்ன? கீழ்ப்பாதி இரும்புப்பெட்டி, மேல்பாதி கம்ப்யூட்டர். கீழ்ப்பாதி செய்யறதுல அவங்களுக்கு நூறு வருஷ அனுபவம். ஊர் ஊரா பேங்குகளோட பழக்கம், கூப்பிட்டா ஓடிவர ரிப்பேர் ஆளுங்க, எல்லாம் கையில இருந்தது. கம்ப்யூட்டர் பாதியை மட்டும் புதுசா கத்துக்கிட்டாங்க. 1990ல ஐபிஎம்மோட சேந்து இன்டர்போல்ட்னு ஒரு கூட்டுக் கம்பெனி கூட நடத்தினாங்க.

அதோட நின்னிருந்தா இது ஒரு சாதாரண வெற்றிக் கதை. நானும் இதை எழுத உக்காந்திருக்க மாட்டேன்.

537 ஓட்டு

2000ம் வருஷ அமெரிக்க அதிபர் தேர்தல். ஃப்ளோரிடாவுல புஷ் ஜெயிச்சது வெறும் 537 ஓட்டு வித்தியாசத்துல. அட்டையில துளை சரியா விழுந்துச்சா, பாதி தொங்குதான்னு பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாங்களே, உலகமே சிரிச்சுது. அதே ராத்திரி வொலூசியா கவுண்டியில ஒரு வாக்குச்சாவடி கணக்குல அல் கோருக்கு மைனஸ் 16,022 ஓட்டுன்னு காட்டுச்சு. ஆமாங்க, மைனஸ்! அதைக் கண்டுபிடிச்சுத் திருத்திட்டாங்க. அந்தக் கருவி குளோபல் எலெக்ஷன் சிஸ்டம்ஸ்ங்கற கம்பெனியோடது. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

2002ல அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு, பழைய துளை அட்டையைத் தூக்கிப் போடறதுக்கும் தேர்தல் ஏற்பாட்டைச் சீர்படுத்தறதுக்கும் கோடிக்கணக்கான டாலர் ஒதுக்கிச்சு. டீபோல்டுக்கு நாக்குல எச்சில் ஊறாம இருக்குமா? ஏற்கனவே பிரேசில்ல புரோகாம்ப் கம்பெனியை வாங்கி, அந்த நாட்டுக்கு லட்சக்கணக்குல ஓட்டு மெஷின் கொடுத்த தெம்பு வேற. 2002ல அந்த குளோபல் எலெக்ஷன் சிஸ்டம்ஸையே விலைக்கு வாங்கிடுச்சு.

வெளியில இருந்து பாத்தா நியாயமான கணக்குதான். பணத்தையே நம்பி ஒப்படைக்கிற மெஷின் செய்யறவனுக்கு ஓட்டு மெஷின் ஒரு பிரமாதமா? இங்கதான் சறுக்கல்.

என் கதை ஒண்ணு சொல்றேன். சில வருஷம் முன்னால ஒரு ஏடிஎம்ல ரெண்டாயிரம் ரூபா கேட்டேன். கடகடன்னு சத்தம் வந்தது, பணம் வரலை, அக்கவுண்ட்ல மட்டும் கழிஞ்சிடுச்சு. பேங்குல போய்க் கத்தினேன். அங்க இருந்த அம்மா பதறவே இல்லை. "எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார், கேஷ் டேலி பண்ணும்போது அதிகமா இருந்தா வந்துடும்"னாங்க. ஒரே வாரத்துல பணம் திரும்பி வந்துடுச்சு.

எப்படி வந்தது? மெஷின் தப்பே பண்ணாததால இல்லை. அது தப்பு பண்ணினா கண்டுபிடிக்க பத்து வழி இருக்கறதால. என் கார்டு நம்பர், நேரம், மெஷினுக்குள்ள இருக்கற பதிவு, பேங்க் கணக்கு, தலைக்கு மேல கேமரா, கடைசியா பெட்டியில இருக்கற நோட்டையே எண்ணிப் பாக்கலாம்.

ஓட்டுல இதுல எதுவுமே செய்யக்கூடாது. யாருக்குப் போட்டேங்கறது எனக்கும் என் மனசாட்சிக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம். ஓட்டையும் ஆளையும் முடிச்சுப் போடக்கூடாது. அப்ப மெஷின் தப்பா எண்ணினா, "என் ஓட்டு எங்கே?"ன்னு கேட்டுப் போக ஒரு கவுண்டரும் கிடையாது. மெஷின் நினைவகத்துக்கு வெளியே, ஓட்டர் கண்ணால பாத்து சரின்னு சொன்ன ஒரு காகிதமாவது இருக்கணும். டீபோல்ட் அப்ப வித்த தொடுதிரை மெஷின்ல அந்தக் காகிதம் இல்லை. இருபது டாலர் எடுத்தா துண்டுச்சீட்டு தர்ற கம்பெனி, ஓட்டுக்கு ஒண்ணும் தரலை.

சாவி எங்கே?

2003 ஜூலையில ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ரைஸ் பல்கலைக்கழக ஆளுங்க நாலு பேர் சேந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. டீபோல்ட் ஓட்டு மெஷினோட மென்பொருள் இணையத்துல பூட்டாம திறந்து கிடந்தது, அதை எடுத்துப் படிச்சவங்க தலையில கை வச்சுக்கிட்டாங்க. ரகசியக் குறியாக்கத்துக்கான சாவி நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கு, எல்லா மெஷினுக்கும் அதே சாவி. போலி கார்டு செஞ்சு ஒருத்தரே பல தடவை ஓட்டுப் போடலாம்னு சொன்னாங்க. பழைய நிரலை வச்சுப் பேசறாங்கன்னு கம்பெனி மறுத்தது.

அடுத்த மாசமே இன்னொரு குண்டு. கம்பெனித் தலைவர் வால்டன் ஓ'டெல், புஷ் கட்சிக்கு நிதி திரட்டறவர். ஒஹையோ மாநில ஓட்டுகளை அதிபருக்குப் பெற்றுத் தர உறுதியா இருக்கேங்கற பொருள்ல நன்கொடையாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓட்டுப்பெட்டி விக்கறவர் எழுதற கடிதமா அது! 2004 தேர்தல்ல ஒஹையோவுல பெரும்பாலான இடங்கள்ல இருந்தது பழைய துளை அட்டைதான், டீபோல்ட் மெஷின் முடிவை மாத்தினதுக்கு ஆதாரமும் கிடையாது. ஆனா அதையெல்லாம் யார் காதுல வாங்கினாங்க? சந்தேகத்துக்கு ஆதாரம் தேவையில்லை, காரணம் இருந்தா போதும். 2005 டிசம்பர்ல ஓ'டெல் பதவி விலகினார்.

எல்லாத்துலயும் உச்சம் 2006ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல எட் ஃபெல்டனும் மாணவர்களும், நினைவக அட்டை வழியா ஓட்டு மெஷின்ல வைரஸ் ஏத்திக் காட்டினாங்க. அட்டை இருக்கற கதவுக்குப் பூட்டு இருக்கேன்னு கேப்பீங்க. இருந்தது. ஆபீஸ் மேஜை, ஹோட்டல் ரூம்ல இருக்கற குட்டி ஃப்ரிட்ஜ் இதுக்கெல்லாம் போடற சர்வசாதாரண சாவியே அதைத் திறந்துச்சு! போதாக்குறைக்கு அந்தச் சாவியோட படத்தைக் கம்பெனியே தன் இணையக் கடையில போட்டிருந்தது. ஒருத்தர் படத்தைப் பாத்தே அரத்தால ராவி சாவி செஞ்சு அனுப்பினார். அதுவும் திறந்துச்சு.

சிகாகோ தீயில 878 பெட்டியைக் காப்பாத்தின கம்பெனிங்க இது! இரும்பும் பூட்டும்தான் இவங்க குலத்தொழில்.

அதுக்கப்புறம் ஓட்டுப் பிரிவோட பேரைக்கூட 2007ல பிரிமியர்னு மாத்திட்டாங்க. அப்பன் பேர் கெட்டுடக் கூடாதுன்னு பிள்ளைக்கு வேற இன்ஷியல். 2009ல அதை ஐம்பது லட்சம் டாலர் ரொக்கத்துக்கும், பின்னால வரவேண்டிய பாக்கியில ஒரு பங்குக்கும் வித்துட்டு, விட்டா போதும்னு ஓடிட்டாங்க.

பிரின்ஸ்டன் குழுவுல இருந்த மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் 2010ல நம்ம நாட்டு வாக்கு இயந்திரத்தையும் நோண்டிப் பாத்தார். இங்க நடந்த பெரிய சர்ச்சை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓட்டர் பாக்கற காகிதச்சீட்டைப் படிப்படியா கொண்டு வரணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2013ல. சுத்திச் சுத்தி எல்லாரும் வந்து நின்ன இடம் அதே காகிதம்தான்.

மிச்சக் கதை

பணமெஷின் பக்கமும் நிம்மதி இல்லை. கணக்கை அழகுபடுத்திக் காட்டினதா வந்த வழக்கை 2010ல 2.5 கோடி டாலர் அபராதம் கட்டி முடிச்சாங்க. சீனா, இந்தோனேஷியா அரசு பேங்க் அதிகாரிகளை டிஸ்னிலாண்ட், லாஸ் வேகஸ்னு சுத்திக் காட்டின லஞ்ச வழக்குக்கு 2013ல சுமார் 4.8 கோடி டாலர். எலியட் நெஸ் உக்காந்த நாற்காலி! 2016ல ஜெர்மனியோட வின்கோர் நிக்ஸ்டார்ஃபை வாங்கி டீபோல்ட் நிக்ஸ்டார்ஃப் ஆச்சு. அதுல ஏறின கடன் கழுத்தை நெரிச்சு, 2023 ஜூன்ல திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படி ஏறிச்சு. கடனைக் குறைச்சுக்கிட்டு அதே ஆகஸ்ட்ல வெளியே வந்துடுச்சு.

எனக்கு இதுல படற விஷயம் ஒண்ணுதான். 1871ல அந்தப் பெட்டியை மக்கள் நம்பினது டீபோல்ட் பேருக்காக இல்லை. சாம்பல்ல இருந்து எடுத்து, எல்லார் முன்னாலயும் திறந்து, காகிதம் கருகலைன்னு கண்ணால பாத்ததுக்காக. 2003ல கம்பெனி கேட்டது வேற, எங்களை நம்புங்க, திறந்து பாக்காதீங்கன்னு. பெட்டி செய்யத் தெரியறது ஒரு தொழில். அதைத் திறந்து காட்டச் சம்மதிக்கறது வேற குணம்.

அடுத்த தடவை பணம் எடுக்கும்போது மெஷின் நெத்தியைக் கொஞ்சம் நிமிந்து பாருங்க. யார் பேர் இருக்குன்னு வந்து சொல்லிட்டுப் போங்க :-)