எல்லை கடந்த மாங்கல்யம்

கடலூரிலிருந்து வடக்கே பெண்ணையாற்றைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் புதுவையின் பாகூர்ப் பகுதி வந்துவிடும். ஒரு வயல் தென்னார்க்காட்டில், அடுத்த வயல் பிரெஞ்சு மண்ணில் என்று ஊர்கள் பின்னிக் கிடந்த பகுதி அது. 1690இல் ஆங்கிலேயர் கடலூரை அடுத்துள்ள தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய நாள்முதல் இரண்டு ஐரோப்பியக் கொடிகள் இங்கே அருகருகே பறந்தன. ஆயினும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எந்தக் கொடியையும் கேட்டு நடக்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரிலோ சிதம்பரத்திலோ தாலி கட்டிக்கொண்டு புதுவைக்கு வாழப்போன பெண்ணுக்குத் தான் அயல்நாட்டானை மணந்ததாகத் தோன்றியிருக்காது. அவன் இறந்த பிறகே அந்த உண்மை அவளுக்கு உறைத்தது.

பிரெஞ்சு இந்தியாவில் 1881ஆம் ஆண்டு ஆணை ஒரு புதிய வாயிலைத் திறந்தது. விரும்பியவர் தம் சாதி, சமய வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயர் ஒன்றை ஏற்று, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம். 'ரெனோன்சான்' எனப்பட்ட இவர்களுள் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 'லாப்போர்த்' என்று பெயர் பூண்டவர். சாதி ஏற்றத்தாழ்வினின்று விடுபடும் வழியாகவே பலர் இதனைக் கண்டனர். அவர்கள் வழிவந்த பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனத்திலும் அல்சீரியாவிலும் பணிபுரிந்தனர். ஊரார் இவர்களைச் 'சொல்தா' என்றனர்.

1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்டு 16இல்தான். புதுவை மண்ணில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று இந்தியக் குடிமக்களாயினர்; பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரவேண்டும். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அவ்வாறு எழுதித் தந்தனர். ஒரே தெருவில் அண்ணன் இந்தியன், தம்பி பிரெஞ்சுக்காரன் என்றாயிற்று.

அக்காலப் பிரெஞ்சுச் சட்டப்படி, பிரெஞ்சுக்காரனை மணக்கும் அயல்நாட்டுப் பெண் மணத்தாலேயே பிரெஞ்சுக் குடிமகள் ஆவாள். 1973இல்தான் இவ்விதி மாறிற்று. ஆகவே கடலூர்ப் பெண் தானறியாமலே பிரெஞ்சுக்காரி ஆகியிருக்கலாம். ஆனால் அதை மெய்ப்பிக்கத் திருமணம் 'எத்தா சிவில்' எனும் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. சடங்கு முறையாக நடந்திருந்தால் மணம் செல்லும். கடலூர்க் கண்ணுக்கு ஐயமற்ற மனைவி, புதுவைத் துணைத்தூதரக மேசைக்குச் சான்றற்ற பெண்ணாகிவிடுவாள். சொல்தாவின் ஓய்வூதியத்தில் பாதி விதவைக்கு உரியது. மணவாழ்வு இத்தனை ஆண்டு நீடித்திருக்க வேண்டும் என்னும் விதி, குழந்தை இருந்தால் தளரும். ஆனால் மணமே ஏட்டில் இல்லையெனில் ஆண்டுகளை எங்கிருந்து எண்ணுவது?

ஓய்வூதியம் ஒருபுறமிருக்க, சொத்தின் கதை இன்னும் விந்தையானது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், இறந்தவர் எந்நாட்டில் நிலைகுடியிருந்தாலும், இந்தியாவிலுள்ள அசையாச் சொத்து இந்தியச் சட்டத்தின் வழியே செல்லும் என்கிறது. அசையும் சொத்துக்கு அவர் நிலைகுடியிருந்த நாட்டின் சட்டம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமோ கைம்பெண்ணை மகனுக்கும் மகளுக்கும் சமமான முழு உரிமையாளராக்கியது. 1963இல் அச்சட்டம் புதுவைக்கு நீண்டபோது ரெனோன்சான்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அவர்களுக்குப் பழைய பிரெஞ்சுச் சட்டமே நின்றது. அதில் பிள்ளைகள் இருக்கும்போது கைம்பெண்ணுக்குக் கிடைப்பது கணவன் சொத்தில் கால்பங்கின் ஆயுட்கால அனுபவ உரிமை; பொதுச்சொத்து இருந்தால் அதில் அவள் பங்கு தனிக்கணக்கு. பிரான்சு 2001இல் தன் சட்டத்தைத் திருத்தி, உயிருடன் எஞ்சும் துணைக்கு முழுச் சொத்தின் அனுபவ உரிமையையோ கால்பங்கின் முழு உரிமையையோ தெரிந்தெடுக்கும் வாய்ப்பை வழங்கியது. பாரிசில் நடந்த அத்திருத்தம் புதுவையில் உறைந்து நின்ற பழைய சட்டத்தைத் தொடவில்லை. சமத்துவம் நாடி 1881இல் வழக்காற்றைத் துறந்தவர் வழிவந்த வீட்டில் கைம்பெண்ணின் பங்கு சிறுத்தும், துறவாத கடலூர் உறவினர் வீட்டில் பெருத்தும் போயின. இவ்விலக்கை வகுத்தோர் கைம்பெண்ணை எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

நிலத்தைக் கையில் வைத்திருப்பதற்கும் தடையிருந்தது. 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், இந்தியக் குடியுரிமை இல்லாதவர் இந்தியாவில் அசையாச் சொத்தை அடையவும் வைத்திருக்கவும் ரிசர்வ் வங்கியின் இசைவு வேண்டும் என்றது. தாலியால் பிரெஞ்சுக்காரியான பெண்ணுக்குச் சிதம்பரத்து நஞ்செய் வந்து சேர்ந்தால், பிறந்த மாவட்டத்திலேயே அவள் அந்நியள். 2000 சூனில் புதிய செலாவணி மேலாண்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், குடியுரிமையைவிட எங்கே வசிக்கிறார் என்பதே முதன்மை பெற்றது. இவ்வகையில் அது பெரிய ஆறுதல்.

வங்கி வைப்புத்தொகை போன்றவற்றுக்குக் கைம்பெண் நாடவேண்டியது நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழ். கணவன் இறுதியாகக் குடியிருந்த இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். கடலூரில் குடியிருந்தவனாயின் கடலூரில். அங்கே திருமண அழைப்பிதழும், உறவினர் வாய்மொழியும், பழைய நிழற்படமும் சான்றாக ஏற்கப்படலாம். அதே அழைப்பிதழைத் துணைத்தூதரகத்துக்கு எடுத்துச் சென்றால் பதிவேட்டுப் படியைக் கேட்பார்கள். தமிழ்நாடு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. அது அதற்குப்பின் நடந்த மணங்களுக்கே பொருந்தும். 1960களில் பாடலீசுவரர் சந்நிதியில் மாலை மாற்றிக்கொண்டவர்களுக்கு அன்று.