உலகின் தொடக்கம்: மூன்று மார்க்கத்தாரின் பொது விவாதம்

உலகை இறைவன் இன்மையிலிருந்து படைத்தான் என்பதை யூதரும் கிறித்தவரும் ஏற்பர். நிறுவும் வழியில்தான் கருத்து மாறுபட்டது. பக்தாதில் சஆதியா காவோன் என்னும் யூத அறிஞர் கி.பி. 933 அளவில் அரபியில் எழுதிய நூல், கலாம் அறிஞர்களின் வாதமுறையாலேயே உலகுக்குத் தொடக்கம் உண்டென நிறுவியது. 1095இல் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) உலகம் அநாதி என்ற தத்துவவாதிகளை மறுத்தார். மூஸா இப்னு மைமூனோ 'தலாலத்துல் ஹாயிரீன்' நூலில் படைப்பை ஏற்றும், கலாம் சான்றுகள் முடிவானவையல்ல என்றார். அவரைக் கற்ற கிறித்தவ அறிஞர் தாமஸ் அக்வினாஸ், 13ஆம் நூற்றாண்டில், உலகின் தொடக்கம் நம்பிக்கையால் அறியப்படுவது, தருக்கத்தால் நிறுவ இயலாதது என்றார்.

ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்கூடங்களில் கிறித்தவரோடு தோள்சேர்ந்து உழைக்கும் நம் இளைஞர்கள், திரித்துவத்தில் நமக்குள்ள மறுப்பை அறிவதுபோல் இவ்வரலாற்றையும் அறிதல் வேண்டும். படைத்தவனைப் பற்றிய பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.