யீல்டுக்குக் கொடுத்த விலை

புது நிரல்மொழி ஒன்றின் கையேடு கிடைத்தால், நான் முதலில் புரட்டுவது யீல்ட் பற்றிய பக்கத்தை. அதிலும், எங்கெல்லாம் யீல்ட் போடக்கூடாது என்ற பட்டியலை. கம்பைலர் எழுதிப் பிழைப்பவனுக்கு வரலாறு அங்கேதான் இருக்கிறது.

சாதாரண ஃபங்ஷன் விடையைத் தந்ததும் முடிந்துவிடும். ஸ்டாக்கில் அதன் மாறிகள் இருந்த இடமும் போய்விடும். ஜெனரேட்டர் அப்படியல்ல. யீல்ட் என்ற கட்டளை வந்ததும் ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டு நிற்கும். அடுத்ததைக் கேட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பந்தியில் பாதியில் எழுந்தவர், "இலையை எடுத்துடாதீங்க, இதோ வந்துடறேன்" என்பது போல. அதன் மாறிகளை அழிக்காமல் எங்கே வைப்பது?

நிறுத்தித் தொடரும் இந்த உத்தி, கம்பைலர் எழுதும் வேலையிலேயே பயன்பட்டதுதான். கோபால் மொழிக் கம்பைலர் ஒன்றின் அமைப்பை விளக்கி மெல்வின் கான்வே 1963இல் எழுதிய கட்டுரையில், அதன் பகுதிகள் கட்டுப்பாட்டை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொண்டு மாறி மாறி ஓடுகின்றன. அவற்றுக்கு அவர் இட்ட பெயர் கோரூட்டீன்.

மாறிகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு எனக்கு மிகப் பிடித்த விடை 1970களின் நடுவில் எம்ஐடியில் பிறந்தது. பார்பரா லிஸ்கோவின் குழு க்ளூ மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தது. கார்னகி மெலனில் உருவான ஆல்ஃபர்ட் மொழியின் ஜெனரேட்டர்கள் அவர்களைத் தூண்டின. அவற்றைவிட எளிமையான ஒன்று வேண்டுமென்று நினைத்தார்கள். கண்டுபிடித்தது தலைகீழ் வழி. லூப் ஜெனரேட்டரைக் கூப்பிடுவதாகத்தானே நமக்குத் தோன்றும்? க்ளூவில், யீல்ட் வந்ததும் ஜெனரேட்டர் லூப்பின் உடலைத் தனி ஃபங்ஷன் போலக் கூப்பிடும். உடல் முடிந்தால் கட்டுப்பாடு தானாகவே யீல்டுக்கு அடுத்த வரிக்குத் திரும்பும். ஒரே ஸ்டாக் போதும். எதையும் வேறெங்கும் எடுத்துவைக்க வேண்டியதில்லை. விலை: ஃபார் லூப்புக்கு வெளியே அதைப் பயன்படுத்த முடியாது. இரண்டு மரங்களின் உறுப்புகளை மாறி மாறி எடுத்து ஒப்பிட வேண்டுமா? க்ளூவின் ஃபார் லூப் அதற்கு உதவாது.

பைத்தானுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மாறிகளைத் தாங்கும் அதன் ஃபங்ஷன் சட்டகங்கள் முன்பே ஸ்டாக்கில் அல்லாமல் ஹீப்பில்தான் இருந்தன. நின்றுபோன சட்டகத்தை அழிக்காமல் விட்டால் போதும். 2001இல் வந்த 2.2 பதிப்பில் ஜெனரேட்டர் நுழைந்தது. ஆனால் ஃபைனலி உள்ள ட்ரை பகுதிக்குள் யீல்ட் கூடாது என்றார்கள். நின்றதை யாரும் மறுபடி எழுப்பாமலே போகலாம். அப்போது, கட்டாயம் ஓட வேண்டிய ஃபைனலி ஓடாது. 2006இல் 2.5 பதிப்பு, ஜெனரேட்டரை மூடுவதற்கு வழிசெய்து, அந்தத் தடையை நீக்கியது.

சி ஷார்ப் 2005இல் முழுச் சுமையையும் கம்பைலர் தலையில் வைத்தது. எழுதிய ஃபங்ஷனைக் கம்பைலர் ஒரு கிளாஸாக மாற்றிவிடும். உள் மாறிகள் அதன் ஃபீல்டுகளாகும். எந்த யீல்டில் நின்றோம் என்பதை ஓர் எண் சொல்லும். நுழைந்ததும் ஒரு ஸ்விட்ச் அந்த இடத்துக்குத் தாவும். இங்கே ரெஃப், அவுட் பாராமீட்டர்கள் கூடாது. கூப்பிட்டவரின் மாறியைச் சுட்டும் அவற்றை ஹீப்பிலுள்ள ஃபீல்டில் வைத்தால், அந்த மாறி மறைந்த பிறகும் சுட்டிக்கொண்டிருக்கும்.

நான் எழுதும் கம்பைலர்களில் இந்தக் கடைசி வழியைத்தான் எடுக்கிறேன். ரன்டைமைத் தொட வேண்டியதில்லை. யீல்டைத் தாண்டியும் தேவைப்படும் மாறிகளை மட்டும் ஃபீல்டாக்கி, மற்றவற்றை ரிஜிஸ்டரிலேயே விடலாம். என் கையேட்டிலும் ஒரு தடைப் பட்டியல் உண்டு. ஒவ்வொரு தடைக்கும் பக்கத்திலேயே காரணத்தையும் எழுதிவைக்கிறேன்.