கட்டைவிரல் ஜாடை

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போய்த் திரும்பும்போது, எங்கள் பஸ்ஸைக் குறுகலான ஓரிடத்தில் பின்னுக்கு எடுக்க வேண்டியிருந்தது. கண்டக்டர் கீழே இறங்கிப் பின்புறத் தகரத்தைத் தட்டிக்கொண்டே, "வரலாம், வரலாம்... ஹோல்டான்!" என்றார். டிரைவர் ஒவ்வொரு தட்டுக்கும் ஹாரனை லேசாக அழுத்திப் பதில் கொடுத்தார். கேட்டுக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் உளுந்தூர்பேட்டையருகே, இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்காகப் போட்ட ஓடுபாதையில் நின்றபோது அந்த ஹாரன் ஞாபகம் வந்தது. 2019-ல் பிறந்த கள்ளக்குறிச்சி ஜில்லாவுக்கு இப்படியொரு பூர்வீகச் சொத்து! ஆனால் இன்று விமானம் கிடையாது, வெயில்தான் இறங்குகிறது.

அந்த யுத்த காலத்து விமானங்களுக்குச் சக்கரத்தின் முன்னே கட்டை வைத்திருப்பார்கள். கட்டையில் கயிறு கட்டியிருக்கும். இயந்திர இரைச்சலில் பேச்சு எடுபடுமா? விமானி இரு கைகளையும் முகத்துக்கு நேரே குறுக்காக வைத்து வெளிப்புறம் வீசுவார். கீழே நிற்பவர் கயிற்றை இழுத்துவிட்டு ஒதுங்குவார். அதற்கும் முந்திய தலைமுறையில், விசிறியைக் கையாலேயே சுழற்றிய நாட்களில், சுழற்றுகிறவர் "கான்டாக்ட்!" என்று கூவுவார், விமானியும் "கான்டாக்ட்!" என்று திருப்பிக் கூவிய பிறகே விசிறியில் கை வைப்பார். பதில் வராமல் தொட்டால் கை போய்விடும்.

1944-ல் சிகாகோவில் பல தேசங்கள் கூடி உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பின் வந்த விதிகளில் இந்தக் கைஜாடைகளும் ஏறின. விரித்த விரல்களை முஷ்டியாக மடக்கினால் பிரேக் போட்டாயிற்று. முஷ்டியை விரித்தால் எடுத்தாயிற்று. பாஷை வேண்டாம்.

ஜெட் விமானம் கட்டடத்தைப் பார்த்து மூக்கை நீட்டி நிற்கிறது. தன் பலத்தில் பின்வாங்கினால் கல்லும் மண்ணும் பறக்கும். ஆகவே டிராக்டர் ஒன்று இரும்புத் தண்டால் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. முன்சக்கரம் விமானியின் திருப்பலுக்கு இணங்காதபடி ஓர் ஊசியைச் செருகியிருப்பார்கள். அதில் சிவப்பு நாடா தொங்கும். தள்ளி முடிந்ததும் தண்டைக் கழற்றி, ஊசியைப் பிடுங்கி, காதிலே பேச்சுக்கருவி மாட்டிய ஊழியர் விமானியின் கண்ணில் படும் தூரத்துக்கு நடக்கிறார். நாடாவைத் தூக்கிக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்துகிறார். விமானி பதிலுக்குக் கையசைக்க வேண்டும். எல்லாம் அரை நிமிஷ வேலை.

2015 டிசம்பர் 16 இரவு, பம்பாயில் ஹைதராபாத்துக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், தரையிலிருந்து அந்த ஜாடை வரும் முன்பே நகர்ந்துவிட்டது. அருகில் நின்ற ஊழியர் ஒருவரை இயந்திரம் உள்ளே இழுத்துக்கொண்டது. பிரயாணிகள் உள்ளே பெல்ட் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போதெல்லாம் விமானம் ஏறினால் ஜன்னலோர இடம் கேட்கிறேன். வெளியே சிவப்பு நாடாவோடு நடந்து போகிறவரைத் தேடிக் கண்டுபிடிக்கிறேன். அவர் கட்டைவிரலை உயர்த்துகிறார். விமானி பதில் கொடுத்தாரா என்பது என் இடத்திலிருந்து தெரிவதில்லை.