ஆஷாவுக்கு ஒரு பாட்டு: 'கோர்னர்ஷொப்' குழுவின் கதை

1998 பெப்ரவரியில் பிரித்தானியப் பாடல் தரவரிசையின் முதலாமிடத்துக்கு ஒரு விசித்திரமான பாட்டு வந்தது. பெயர் 'ப்ரிம்ஃபுல் ஒஃப் ஆஷா'. அந்த ஆஷா வேறு யாருமல்ல, பம்பாய் சினிமாவின் பின்னணிப் பாடகி ஆஷா போஸ்லேதான். மெட்டை நம்மில் பலர் கேட்டிருப்போம். அது யாரைப் பற்றியது என்று விசாரித்தவர்கள் குறைவு.

பாடிய குழு 'கோர்னர்ஷொப்'. 1991இல் லெஸ்டர் நகரில் தொடங்கியது. பாடகர் டிஜிந்தர் சிங், பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை. கூடவே நண்பர் பென் எயர்ஸ். பெயரின் பொருள் சந்திக்கடை. ஆசியர் என்றாலே சந்தியில் சில்லறைக்கடை வைத்திருப்பவர் என்று அங்கே ஓர் ஏளனம் இருந்தது. அந்த ஏளனத்தையே பெயர்ப்பலகையாக மாட்டிக்கொண்டார்கள். 1993இல் வந்த முதல் இசைத்தட்டைக் கறி நிறத்திலேயே அச்சிட்டார்கள்!

வெறும் பகிடிக்காரர்கள் அல்லர். 1992இல் பிரபல பாடகர் மொரிசி, மொட்டைத்தலை இளைஞர் கும்பலின் படம் பின்னணியில் இருக்க, மேடையில் பிரித்தானியக் கொடியோடு நின்றார். இனவாதிகளுக்குப் பிடித்தமான காட்சி அது. இவர்கள் லண்டனில் அவரது இசைத்தட்டு நிறுவனத்தின் வாசலில் அவர் படத்தை எரித்தார்கள். அந்தக் காலத்துப் பாடல்கள் பெரும்பாலும் கிட்டார் இரைச்சல். எமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

1997இல் வந்த மூன்றாவது அல்பம்தான் விஷயம். அதில் சித்தார் இருக்கிறது, ஹிப்ஹொப் தாளம் இருக்கிறது, அமெரிக்கக் கவிஞர் அலன் கின்ஸ்பேர்க்கின் குரலும் இருக்கிறது. கடைசியில் பீட்டில்ஸின் 'நோர்வீஜியன் வூட்' பஞ்சாபி மொழியில்! 1965இல் ஜோர்ஜ் ஹரிசன் சித்தார் வாசித்த அதே பாட்டு. கொடுத்த கடனை 32 வருடம் கழித்துத் திரும்ப வாங்கியது போல. (வட்டியில்லாமல்தான்.)

ஆஷா பாட்டும் இந்த அல்பத்தில்தான். அதைச் சொல் சொல்லாகக் கேட்டுப் பாருங்கள். ஆஷா, லதா மங்கேஷ்கர், மொஹம்மத் ரபி வருகிறார்கள். பக்கத்திலேயே பிரெஞ்சுப் பாடகர் ஜாக் டுட்ரோங், ஆங்கில ரொக் பாடகர் மார்க் போலன், ஜமேக்க இசையை இங்கிலாந்தில் வெளியிட்ட ட்ரோஜன் நிறுவனம், பிறகு அகில இந்திய வானொலி. புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளையொன்றின் இசைத்தட்டுப் பெட்டி அப்படியே திறந்து கிடக்கிறது. வகுப்பில் மூலாதாரம் என்றால் கல்வெட்டு, செப்பேடு என்று எழுதிக் கொடுக்கிறோம். இதையும் ஏன் சேர்க்கக் கூடாது?

அகில இந்திய வானொலி என்ற பெயரில் ஒரு முரண் உண்டு. 1952இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தரக்குறைவாகக் கருதினார். அந்த வானொலியில் அவை ஏறக்குறைய நின்றுபோயின. நேயர்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். இலங்கை வானொலியின் ஹிந்தி சேவையில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா'வைக் கேட்க இந்தியாவெங்கும் வீடுகள் காத்திருந்தன. 1957இல் 'விவித் பாரதி' தொடங்கும் வரை அந்த இடைவெளியை நிரப்பியது நம்முடைய நிலையம். அன்று ரபியும் லதாவும் ஆஷாவும் எத்தனையோ இந்திய வீடுகளுக்குக் கொழும்பு வழியாகத்தான் போனார்கள். அந்தப் பாட்டுகளோடு கடல் கடந்த தலைமுறையின் பிள்ளைகளில் ஒருவர்தான் டிஜிந்தர்.

முதல் வெளியீட்டில் இப்பாட்டு 60ஆம் இடம்வரைதான் ஏறியது. ஃபெட்போய் ஸ்லிம் எனப்படும் நோர்மன் குக் வேகத்தைக் கூட்டிய பிறகே முதலிடம். ஆட்டத்துக்கு அது சரி. பெயர்களைப் பிடிக்க மெதுவான மூலப் பதிப்பே நல்லது. வீட்டில் ரபி பாட்டு முணுமுணுக்கும் வாப்பா, உம்மா இருந்தால் பக்கத்தில் இருத்திப் போடுங்கள். மூன்று பெயர்களை அவர்களே பிடித்துச் சொல்வார்கள்.